ஜாக்கெட் பிட் கணக்கு

நவராத்திரி வந்துவிட்டால் தில்லை நகர் ஆண்களுக்கு இரண்டே வேலைதான். ஒன்று, பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்குவது. இரண்டு, ஒன்பது நாளும் சாயந்திரம் ஹால் பக்கம் தலைகாட்டாமல் இருப்பது. படியை மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில்தான் கட்ட வேண்டும் என்பார்கள். எத்தனை கட்டினாலும் டி.வி. மறையும். அதுவும் சாஸ்திரம்தான் போலிருக்கிறது!

கலசம், மரப்பாச்சி ஜோடி, செட்டியார் கடை எல்லாம் வருஷா வருஷம் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். நடமாடுவது ஒன்றே ஒன்று. ஜாக்கெட் பிட்!

கொலு பார்க்க வரும் பெண்களுக்கு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பழம், கூடவே ஒரு ரவிக்கைத் துணி கொடுப்பார்கள். நான் பி.காம். படித்தவனாயிற்றே, சும்மா இருப்பேனா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓப்பனிங் ஸ்டாக் 16. வரவு 18. கொடுத்தது 20. க்ளோஸிங் ஸ்டாக் 14. டெய்லரிடம் போனது பூஜ்யம்!

ஒரு பச்சை பிட்டின் ஓரத்தில் பேனாவால் புள்ளி வைத்து அனுப்பினேன். ஐந்தாவது கிராஸில் கிளம்பிய அது, பத்தாவது கிராஸ் போய், சாஸ்திரி ரோட்டைச் சுற்றிவிட்டு, சரஸ்வதி பூஜையன்று எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. பஸ் பாஸ் வைத்திருப்பவன்கூட இத்தனை சுற்று சுற்ற மாட்டான்.

சிரிக்காதீர்கள். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. துணி ஒரு சாக்குதான் ஸார். ‘எங்க வீட்டுக்கு வாங்க’ என்று கூப்பிடுவதுதான் விஷயம். எதிர் ஃபிளாட்டில் யார் இருக்கிறார் என்றே தெரியாத காலத்தில், இந்த ஒன்பது நாளாவது கதவு திறக்கிறதே!

சரி, கூப்பிடாமல் விட்டவர்களுக்கு நாம் என்ன சொல்கிறோம்?

எங்கள் மாடியில் ஒரு ரிட்டையர்டு டீச்சர். கணவர் காலமாகிப் பத்து வருஷம். கொலுப்படிக்கு வேட்டி விரித்து மடிப்பு மடிப்பாக ஊசி குத்துவது அவர்தான். சுண்டலுக்குத் தேங்காய் துருவுவதும் அவர்தான். சாயந்திரம் ஆறு மணியானால், யாரும் சொல்லாமலே மாடி ஏறிவிடுவார். அந்த ‘யாரும் சொல்லாமலே’தான் கொடுமை.

ஈரோடு மாவட்டத்துக் கோயில் வழக்கு ஒன்றில், கணவனை இழந்தவர் என்பதற்காக ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் வராதே என்று தடுக்க முடியாது என 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோயிலுக்கே அப்படி என்றால், எங்கள் பத்துக்குப் பன்னிரண்டு ஹால் எம்மாத்திரம்?

கோர்ட்டை விடுங்கள், நம்ம ஊர் சாமியைப் பாருங்கள். தைப்பூசத்தன்று சமயபுரம் மாரியம்மன் கொள்ளிடக் கரைக்கு வருவாள். ஸ்ரீரங்கத்திலிருந்து அண்ணன் ரங்கநாதர் பட்டுப்புடவை, மாலை, பழம் என்று சீர் அனுப்புவார். தங்கை என்ற ஒரு உறவு போதும். வேறு தகுதி எதையும் அண்ணன் கேட்பதில்லை.

போன நவராத்திரியில் என் மனைவி சொன்னாள்: “ஏங்க, டீச்சரைக் கூப்பிடப் போறேன். யாராவது முகம் சுளிச்சா நீங்க சமாளிங்க.”

டீச்சர் தயங்கினார். “வேண்டாம்மா... நாலு பேர் வர்ற இடம்.”

“அந்த நாலு பேர் பார்க்கிற படியே நீங்க கட்டினதுதானே டீச்சர்!”

வந்தார். கொலு எதிரே உட்கார்ந்து பாடவும் பாடினார். நல்ல குரல். பத்து வருஷமாக எங்களுக்குத் தெரியவே தெரியாது. வந்திருந்த பாட்டி ஒருவர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சீக்கிரமே கிளம்பினார். சுண்டலை வைத்துவிட்டுப் போகவில்லை!

எல்லோருக்கும் கொடுத்த அதே தாம்பூலம்தான் டீச்சருக்கும். பிட் மட்டும் புதுசு. என்.எஸ்.பி. ரோட்டில் நானே போய் வாங்கியது. மறுவாரமே அதை டெய்லரிடம் கொடுத்துவிட்டார். எங்கள் கணக்கில் தைக்கப் போன முதல் பிட் அதுதான்.

உங்கள் மாடியிலோ பக்கத்து போர்ஷனிலோ இப்படி ஒருவர் இருப்பார். ஆறு மணிக்குள் போய்க் கூப்பிட்டுவிடுங்கள்.