காப்பகத்துக்கு வெளிவாசலும் வேண்டும்

பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் போன்ற இடங்களில் திரியும் தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டுக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும்; பிடித்த இடத்தில் மீண்டும் விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7-இல் உத்தரவிட்டது. குழந்தைகளையும் நோயாளிகளையும் நாய்க்கடியிலிருந்து காப்பது அவசியம். ஆனால், அந்த நாய்களை வாழவைக்கும் பொறுப்பு இனி உள்ளாட்சி அமைப்புகளுடையது.

இது அவற்றுக்குப் பழகிய வேலையல்ல. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடை மையத்துக்கு வரும் நாய் சில நாள்களில் பிடித்த இடத்துக்கே திரும்பிவிடும். காப்பகத்துக்கு வரும் நாயோ பத்தாண்டுக்கு மேலும் அங்கேயே வாழக்கூடும். வரவு மட்டுமே இருந்தால் எவ்வளவு பெரிய கட்டடமும் விரைவில் நிரம்பிவிடும்.

நெரிசல் முதலில் கொண்டுவருவது நோயை. நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். டிஸ்டெம்பர் நோய் காற்றிலேயே பரவும். ஆகவே, வந்த அன்றே தடுப்பூசி, புதிய நாய்களுக்குத் தனிக்கூடம், குட்டிகளுக்குத் தனியிடம், நோயுற்றவற்றுக்குத் தனிப் பணியாளர் ஆகியவை கட்டாயமாக வேண்டும். முழுநேரக் கால்நடை மருத்துவர் இல்லாத காப்பகத்தைத் திறக்கவே கூடாது.

அடுத்தது தத்து. தெருநாய்களைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி உத்தரவு வழிவகுத்தது. அதைக் காகிதத்தோடு நிறுத்தாமல், வார இறுதி முகாம்கள், இலவசத் தடுப்பூசி, மைக்ரோசிப் பதிவு என்று நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். குட்டிகள் மனிதரோடு எளிதில் பழகும் பருவம் முதல் மூன்று, நான்கு மாதங்களே. அதைக் கூண்டில் கழிக்கவிடாமல், தன்னார்வலர் வீடுகளில் தற்காலிகமாக வளர்க்கக் கொடுக்கலாம்.

வரவையும் குறைக்க வேண்டும். வளர்த்த நாயைத் தெருவில் விடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மைக்ரோசிப் இருந்தால் கைவிட்டவரைக் கண்டறியலாம். தொலைந்த நாயை உரியவரிடம் சேர்க்கவும் முடியும்.

தன்னார்வலரோடு சேர்ந்து இயங்குவது சென்னைக்குப் புதிதல்ல. விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் 1964-இல் தொடங்கிய கருத்தடைத் திட்டத்தை மாநகராட்சி 1996-இல் ஏற்றது. அந்தக் கூட்டுழைப்பு காப்பகங்களிலும் தொடர வேண்டும்.

எத்தனை நாய்கள் வந்தன, எத்தனை தத்துப்போயின, எத்தனை இறந்தன என்ற கணக்கை ஒவ்வொரு காப்பகமும் மாதந்தோறும் வெளியிட வேண்டும். பிடித்த எண்ணிக்கையைச் சாதனையாகக் காட்டுவதை உள்ளாட்சி அமைப்புகள் கைவிடட்டும்; வீடு சேர்ந்த உயிர்களின் எண்ணிக்கையே காப்பகத்தின் வெற்றிக்கு அளவுகோல்.