ஆடு தின்னாத செடியும் படலையடி நாயும்



மன்னாரில் பூச்செடி வளர்ப்பது இலகுவான காரியமல்ல. உவர்க் காற்று, மணல் தரை, மாதக்கணக்கில் மழையில்லாத வெயில். இவற்றுக்கெல்லாம் தப்பி ஒரு செடி தளிர்த்தாலும், வேலிக்குள் நுழையும் ஆடும் தெருவில் திரியும் கழுதையும் அதை விட்டுவைப்பதில்லை. எனவே எமது பெண்கள் ஆடு வாய் வைக்காத செடியாகப் பார்த்து நடுகிறார்கள். பேசாலையிலும் சரி, நானாட்டானிலும் சரி, பல வளவுகளில் அலரி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஆடு ஏன் அதில் வாய் வைப்பதில்லை என்று நாம் யோசிப்பதில்லை. அந்தச் செடியின் பாலும் இலையும் நஞ்சு. அதன் கசப்பு ஆட்டை விலக்கிவிடுகிறது. நாள் முழுவதும் செடியின் கீழ் கட்டப்பட்டிருக்கும் நாயும், பல் முளைக்கும் குட்டியும் அப்படி விலகுவதில்லை. கண்டதையும் கடித்துப் பார்க்கின்றன.

நாயைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். 2009 இல் போர் முடிந்த பின் மீளக்குடியேறிய கிராமங்களில், பிள்ளைகளுடன் தனித்து வாழும் பெண்கள் பலரை நான் சந்திக்கிறேன். இரவில் அவர்களுக்குக் காவல் படலையடியில் குரைக்கும் அந்த நாய்தான்.

நஞ்சுள்ள செடிகள் எவை?

மஞ்சள் அலரி வெப்ப அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தது. பொன்னலரி என்று சிவனுக்குப் பறித்துச் சாத்துவோரும் உண்டு. செவ்வலரி வேறு இனம். ஆயினும் இரண்டின் நஞ்சும் இதயத் துடிப்பைக் குழப்பக்கூடியது. இலை, பூ, பட்டை, பால் அனைத்திலும் அது உண்டு. மஞ்சள் அலரியின் கொட்டையில் மிக அதிகம். காய்ந்த இலையிலும் நஞ்சு போவதில்லை. பூங்கொத்து வைத்த சாடித் தண்ணீரிலும் அது இறங்கும்.

1980களில் யாழ்ப்பாணத்தில் அலரிக்கொட்டையால் மனித உயிர்களும் போயின. செம்மறியாட்டின் குருதியிலிருந்து எடுக்கும் ஒரு மாற்று மருந்து இந்த நஞ்சை முறிக்கும் என்று, இலங்கை நோயாளரிடம் நடத்திய ஆய்வொன்று 2000 ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. அதன் விலையோ மிக அதிகம். நாய்க்கு அதை எதிர்பார்க்க முடியாது. வருமுன் காப்பதே எமக்குள்ள வழி.

மழைக்காலத்தில் வேலியில் படரும் கார்த்திகைப்பூவில் கொல்சிசின் என்ற நஞ்சு உண்டு. கிழங்கில்தான் அது அதிகம். நாய்க்கோ மண்ணைக் கிளறும் பழக்கம். உண்ணும் கிழங்கென்று எண்ணி மனிதரே அவித்துத் தின்று ஆபத்துக்குள்ளானதும் உண்டு. முதல் நாள் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். பின்னர் சற்றுத் தேறியது போலத் தோன்றினாலும், அடுத்த நாட்களில் சிறுநீரகமும் இரத்தமும் பாதிக்கப்படலாம்.

ஊமத்தை, சாடியில் அழகுக்கு வைக்கும் அடீனியம், எருக்கலம்பிட்டியின் பெயரிலேயே இருக்கும் எருக்கலை ஆகியவையும் நஞ்சுச் செடிகளே. சைக்கஸின் விதை நாயின் ஈரலைக் கெடுக்கும். மல்லிகை, ரோசா, சூரியகாந்தி, சீனியாஸ் என்பவற்றால் பயமில்லை.

விசரா, நஞ்சா?

மாந்தை மேற்கில் ஒரு சகோதரியின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நிழலுக்காக நாயை அலரியின் கீழ் கட்டியிருந்தார். பின்னேரம் அது வாயில் வீணீர் வடிய, கால் தள்ளாட நின்றது. "விசர் பிடித்துவிட்டது" என்று அயலவர்கள் பொல்லுகளுடன் வந்துவிட்டார்கள். அது எடுத்த சத்தியில் கிடந்த இலைத்துண்டுகளை அவர் காட்டிய பின்னரே பொல்லுகள் இறங்கின. மிருக வைத்தியரிடம் கொண்டு போகும் வழியில் நாய் இறந்துவிட்டது. அதன்பின் பல வாரங்கள் அவர் பிள்ளைகளுடன் அக்கா வீட்டிலேயே போய் உறங்கினார்.

வீணீரும் தள்ளாட்டமும் இரண்டிலும் வரலாம். பார்த்த மாத்திரத்தில் எம்மால் பிரித்தறிய முடியாது. ஆகவே அடிக்கவும் வேண்டாம், வாய்க்குள் கைவிடவும் வேண்டாம். ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். நாய் கடித்தாலோ, காயத்தில் வீணீர் பட்டாலோ சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

நாய் நஞ்சுச் செடியைத் தின்றால்:

1. மீதிச் செடியை அகற்றுங்கள். ஒரு துண்டைப் பொலித்தீன் பையில் இட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். எத்தனை மணிக்குத் தின்றது என்பதையும் சொல்லுங்கள்.

2. உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். அந்த உப்பே நாயைக் கொல்லக்கூடும். பாலும் முட்டையும் நஞ்சை முறிக்கமாட்டா. மயங்கிக் கிடக்கும் நாய்க்கு எதையும் பருக்கினால் அது நுரையீரலுக்குள் போகும்.

3. நோய்க்குறி வரட்டும் என்று காத்திராதீர்கள். முதல் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் கொண்டு போனால் வைத்தியர் செய்யக்கூடியது அதிகம். உங்கள் பிரிவின் அரச மிருக வைத்திய அலுவலகத் தொலைபேசி இலக்கத்தை இன்றே குறித்து வையுங்கள்.

அலரியை அடியோடு வெட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாயை வேறு நிழலில் கட்டுங்கள். பக்கத்தில் எப்போதும் தண்ணீர்ச் சட்டி இருக்கட்டும். விழுந்த காய்களைக் கிழமைக்கு ஒருமுறை கூட்டி அள்ளுங்கள். வெட்டிய கிளைகளை வேலிக்கு வெளியே எறிந்தால் பசித்த ஆடு தின்னும்; எரித்தால் புகையும் தீங்கு. ஆழமாகப் புதைத்துவிடுங்கள். புதிதாக நடுவோர் மல்லிகையை நடலாம்.

நாயின் வாய்க்கு எட்டுவது தவழும் பிள்ளையின் கைக்கும் எட்டும். பிள்ளை வாயில் வைத்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம். உடனே 1990 இலக்கத்தை அழையுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இந்தச் செடிகளின் பெயர்களை வாசித்துக் காட்டுங்கள். வீட்டுக்குப் போனதும் ஒவ்வொருவரும் தத்தம் வளவை ஒருமுறை சுற்றிப் பார்த்தால் போதும்.