குழந்தையும் கன்றுக்குட்டியும்

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றிய மாட்டு வண்டிகள் வரிசையாக வந்த நாட்களில் ஒரு காட்சியைக் கண்டேன். வண்டிக்காரர் ஒருவரின் நாலு வயது மகள், அவிழ்த்துக் கட்டியிருந்த காளைக்குக் கரும்புத் தோகையை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தாள். அந்நியர் அருகே போனால் கொம்பை ஆட்டும் அந்தக் காளை, அவளிடம் தலையைத் தாழ்த்தி நின்றது. "நான் சொன்னால் கேட்காதுங்க, இவள் சொன்னால் கேட்கும்" என்றார் தகப்பனார்.

நன்கு பழக்கிய குதிரைகளிடமும் இதே குணத்தைக் காணலாம். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தைக்குச் சென்றவர்கள் இதை அறிவார்கள்.

காரணம் எளியது. குதிரையும் மாடும் ஆபத்தைக் கண்டால் ஓடித் தப்பும் இனங்கள். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் சுற்றிலும் பார்க்கும். ஆனால் நேர் பின்னால் நிற்பவர் தெரியமாட்டார். உரத்த சத்தமும் திடீர் அசைவும் அவற்றை மிரட்டும். கையில் தடியில்லாமல், மெல்லப் பேசியபடி வரும் சிறு உருவத்திடம் அவற்றுக்கு அச்சமில்லை. எனினும் இந்தச் சாந்தம் தானாக வருவதன்று. அடிபடாமல் வளர்ந்த பிராணியிடமே அது இருக்கும்.

"முட்டும், அந்தப் பக்கம் போ" என்று குழந்தைகளைத் தொழுவத்திலிருந்து விரட்டுவது சரியல்ல என்பது என் கருத்து. இதில் பாசம் மட்டுமல்ல, வருமானமும் இருக்கிறது. மடியில் பால் இறங்க ஆக்சிடோசின் என்னும் சுரப்பு நீர் வேண்டும். பசு பயந்தால் அதன் வேலை தடைப்பட்டுப் பால் மடியிலேயே தங்கிவிடும். பிறந்த நாள் முதல் அன்பாகத் தடவி வளர்த்த கிடேரி, தலையீற்றில் காலைக் கட்டாமலே கறவைக்கு நிற்கப் பழகும்.

ஆனால் பெரியவர் துணையின்றிக் குழந்தையைத் தொழுவத்தில் விடக்கூடாது. கன்று ஈன்ற பசு, பொலிகாளை, ஆண் குதிரை ஆகியவற்றின் அருகே விடவே கூடாது. பின்பக்கமாகப் போகாமல், குரல் கொடுத்துத் தோள் பக்கமாக அணுகப் பழக்குங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள விடாதீர்கள். பிராணியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். பாலைக் காய்ச்சியே கொடுங்கள். கருச்சிதைவு நோயான புருசெல்லோசிஸ் மனிதருக்கும் தொற்றும். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியைக் குழந்தைகள் நெருங்கலாகாது. கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்திற்குள் இந்நோய்க்கான தடுப்பூசியை ஒருமுறை போட்டுவிடுங்கள்.

"டிராக்டர் வந்துவிட்டது, காளைக்கும் குதிரைக்கும் எங்கே போவது?" என்று கேட்கலாம். ஓர் ஆட்டுக்குட்டி போதும். ஆனால் மேய்ச்சலுக்காகப் பள்ளிப் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். பள்ளி விட்டு வந்தபின் அரை மணி நேரம், ஒரு கைப்பிடிப் புல், ஒரு வாளித் தண்ணீர் என்பதே குழந்தைக்குப் போதுமான வேலை.

குழந்தை நம் கையைப் பார்த்தே கற்கிறது. தார்க்குச்சியை எடுக்கும்முன், அருகில் நின்று பார்ப்பவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.