விற்றால் என்ன கிடைக்கும்?

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் போன ஊர். அங்கே ஊறுகாய் ஜாடி வாங்குகிற அம்மாள், "இதை விற்றால் என்ன கிடைக்கும்?" என்று கேட்பதில்லை. விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறார். அவ்வளவுதான். அதே வீட்டில் கார் பேச்சு எழுந்தால், முதல் கேள்வியே விற்கிற விலைதான். இன்னும் வாங்கவே இல்லை, அதற்குள் விற்பனை!

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் உண்டு. 1960-ம் ஆண்டுகளில் அம்பாசிடர், பியட் கார்களுக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கவேண்டும். அதனால் கையில் இருந்த பழைய காருக்குக் கிராக்கி. கார் அன்று ஒரு சொத்து. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. பிறகு பல கம்பெனிகள் வந்தன. இன்று கார் சொத்து அல்ல, தேய்கிற சாமான். இன்சூரன்சுக்காரர்களே 6 மாதம் தாண்டினால் 15 சதவீதமும், 4 வருடம் தாண்டினால் பாதியும் விலையில் கழித்துவிடுகிறார்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கார் 6 லட்சம். 5 வருடம் கழித்து 3 லட்சத்துக்குப் போகும். இன்னொரு கார் 5 லட்சம்; 1 லட்சத்து 75 ஆயிரத்துக்குத்தான் போகும். முதல் காரில் நஷ்டம் 3 லட்சம். இரண்டாவதில் 3¼ லட்சம். முதல் கார்தான் லாபம் என்பார்கள். பொறுங்கள்! அதற்காகக் கூடுதலாக வாங்கிய 1 லட்சம் கடனுக்கு, 9 சதவீத வட்டியில், 5 வருடத்தில் ஏறக்குறைய 24,500 ரூபாய் வட்டி போகிறது. இரண்டும் ஒன்றாகிவிட்டது! 10 வருடம் ஓட்டினால்? இரண்டும் பழைய கார்தான். விலை வித்தியாசம் சுருங்கிவிடும். மலிவான கார் வாங்கியவர் கையில்தான் காசு மிஞ்சும்.

விற்கிற விலை நம் கையிலும் இல்லை. 2025 செப்டம்பர் 22-ந் தேதி சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்தது. புதுக் கார் விலை இறங்கினால் பழைய கார் நிற்குமா? 2017-ல் செவர்லே இந்திய விற்பனையை நிறுத்தியது. 2021-ல் போர்டு கம்பெனி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. நம் மறைமலைநகர் தொழிற்சாலையும் அதில் சேர்ந்தது. வாங்கிய அன்று இதை யார் கண்டார்கள்?

அடிக்கடி மாற்றல் ஆகிற உத்தியோகஸ்தர், மூன்று வருடத்தில் விற்கப்போகிறவர், இவர்கள் மட்டும் விற்கிற விலையைப் பார்க்கட்டும். தவறில்லை. மற்றவர்கள், உள்ளூர் மெக்கானிக்குக்கு அந்தக் காரைப் பழுது பார்க்கத் தெரியுமா, உதிரி பாகம் கடலூரில் கிடைக்குமா, சென்னைக்கு ஓடவேண்டுமா என்று விசாரிக்கவேண்டும். குடும்பத்தில் எத்தனை பேர், பெட்ரோல் செலவு தாங்குமா என்பதும் உண்டு.

இன்னொன்று. விலை சீக்கிரம் இறங்குகிற கார், விற்கிறவருக்குத்தான் நஷ்டம். பழைய கார் தேடுகிற ஏழைக் குடும்பத்துக்கு அதுவே அதிர்ஷ்டம். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் பாங்குக் கடன் ரத்தாகி இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்கவேண்டும். தவணை முழுதும் கட்டியும், பாங்கில் சான்று வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுக்காமல் விட்டவர்கள் நிறைய!