கோலப்புள்ளியும் நெல்லூர் வண்டியும்

விடுமுறைக்கு ஊர் செல்வோர் முன்பதிவு செய்யும் முறையைப் பற்றி இம்மாதம் எழுதுவதாகச் சொல்லியிருந்தோம். அது அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். அதனினும் அவசரமான விஷயமொன்று நம் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது.

நம் சங்கத்து அன்பர் ஒருவர், ஆரணிப் பக்கத்துக்காரர், மேனக்கூரு தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர். அவருக்கு ஒரே பெண். சென்ற மார்கழியில் நம் வீட்டார் வாசலில் ஏழு நேர்ப்புள்ளி வைத்துக் கோலமிட்டுக் கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற அச்சிறுமி, “அத்தை, இதிலே இருபத்தைந்து புள்ளி இருக்குது. ஒன்பது வெச்சா நாற்பத்தொண்ணு வரும்” என்றாள். நாம் பென்சிலும் காகிதமும் எடுத்து எண்ணிப் பார்த்தோம். 25, 41, இரண்டும் சரியே. எப்படி எண்ணினாய் என்று கேட்டதற்கு, “எண்ணலை மாமா. தலையைச் சாய்ச்சுப் பாருங்க. நாலுக்கு நாலு ஒரு கட்டம், அதுக்கு நடுவிலே மூணுக்கு மூணு ஒரு கட்டம்” என்றாள். நாமும் தலையைச் சாய்த்துப் பார்த்தோம். பதினாறும் ஒன்பதும் இருபத்தைந்து! முப்பது வருஷமாக வாசலில் மிதித்துக் கடந்த கோலத்தில் இவ்வளவு இருக்கிறதென்று நமக்குத் தெரியாது. அப்போது அவள் நான்காம் வகுப்பு.

இப்போது ஐந்தாம் வகுப்பு. சென்ற ஞாயிறன்று தகப்பனார் வந்து, “அண்ணே, பெரிய ஊரிலே விடுதியோட ஒரு பள்ளிக்கூடம் இருக்குது. ஆறாம் வகுப்பிலிருந்தே ஐ.ஐ.டி. பரீட்சைக்குத் தயார் பண்ணுவாங்களாம். வீட்டிலே இருக்கிற சங்கிலியை வெச்சாலும் பாதிதான் ஆகும். மீதிக்குச் சங்க நிதியிலே நீங்கதான் சொல்லணும்” என்றார். உள்ளே அவர் மனைவி நம் வீட்டாரிடம், “தன் தலையைத் தானே பின்னிக்கத் தெரியாதே அக்கா இதுக்கு” என்று சொல்லிக் கண்கலங்கியது நம் காதிலும் விழுந்தது. யோசித்துச் சொல்லுகிறோம் என்று அனுப்பி வைத்தோம்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தா இதில் என்ன யோசித்துவிட முடியும் என்று சிலர் நகைக்கலாம். நியாயமே. ஆயினும் கணக்கில் பிறவி மேதையாய் விளங்கிய ஒருவரின் சரித்திரம் நம் ரயில் பாதையோடு சம்பந்தப்பட்டிருப்பதை அன்பர்களில் பலர் அறியமாட்டார்கள்.

கணித மேதை ராமானுஜன் 1887இல் ஈரோட்டில் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணம். தகப்பனார் ஜவுளிக் கடைக் குமாஸ்தா. வீட்டு வரும்படி போதாமல் கலாசாலை மாணவர் இருவரை வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டார்கள். அம்மாணவர்களே பையனுக்கு முதல் ஆசான்கள் ஆனார்கள். பதினொரு வயதிற்குள் அவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் கேட்டு முடித்துவிட்டான். இரவலாகக் கிடைத்த திரிகோணமிதிப் புத்தகத்தைப் பதின்மூன்று வயதிற்குள் தானே கற்றுத் தேர்ந்தான். பதினாறாம் வயதில் இரவலாகவே கிடைத்த மற்றொரு புத்தகம் அவனை முழுவதும் ஆட்கொண்டது. இவற்றுக்காகப் பெற்றோர் சங்கிலியை அடகு வைக்கவில்லை என்பதைத் தாய்மார்கள் கவனிக்கவேண்டும்.

1904இல் டவுன் ஹைஸ்கூலில் கணிதப் பரிசும், கலாசாலையில் உபகாரச் சம்பளமும் பெற்றவர், கணக்கைத் தவிர வேறெதையும் பாராமல் விட்டதனால் மற்றப் பாடங்களில் தவறினார். உபகாரச் சம்பளம் போயிற்று. 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1907இல் எழுதிய எஃப்.ஏ. பரீட்சையிலும் தேறவில்லை. வேலையில்லை, வழிகாட்டுவாரில்லை, நோட்டுப் புத்தகங்கள் மட்டும் நிரம்பிக்கொண்டிருந்தன. இங்கிலாந்தில் அவரை ஆதரித்த ஹார்டி என்னும் பேராசிரியர், ராமானுஜன் முப்பத்திரண்டு வயதில் இறந்ததைக் காட்டிலும் இந்த வீணான ஐந்தாண்டுகளையே பெரிய துயரமாகக் கருதினார்.

இனி நம் பாதைக்கு வருவோம். 1910ஆம் ஆண்டு இறுதியில் அவர் நோட்டுப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஒருவரைத் தேடிச் சென்றார். அவர் நெல்லூர்க் கலெக்டராயிருந்த ராமச்சந்திர ராவ், கணிதத்தில் ஈடுபாடுடையவர். சென்னையிலிருந்து நெல்லூருக்கு அன்றும் இன்றும் ரயில் மார்க்கம் ஒன்றே. கும்மிடிப்பூண்டி, சூளூர்ப்பேட்டை, நாயுடுபேட்டை, கூடூர். ரயிலேறி வந்திருந்தால் நம் நிலையத்தைக் கடந்துதான் போயிருக்கவேண்டும். 2022இல் திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்படும்வரை நம் ஊரும் நெல்லூர் மாவட்டத்தில்தானே இருந்தது! தெலுங்கு தேசத்தில் உத்தியோகம் பார்த்த அக்கலெக்டர் தமிழ்நாட்டு இளைஞருக்கு மாதம் 25 ரூபாய் சில காலம் தம் கைப்பணமாகக் கொடுத்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயர் இரவில் உடனமர்ந்து கணக்குப் பார்த்தார். 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம், 1914இல் கப்பல், 1918இல் ராயல் சொஸைடி அங்கத்தினர் பதவி.

தங்கியிருந்த மாணவர், இரவல் புத்தகம், தலைமையாசிரியர், கலெக்டர், கச்சேரி மேலதிகாரி. ஒவ்வொரு படியிலும் அந்தப் பிள்ளையைவிடச் சற்று அதிகம் அறிந்த ஒருவரோ, அறியாவிடினும் மதிக்கத் தெரிந்த ஒருவரோ இருந்தபோது அவர் உயர்ந்தார். அவ்வாறு ஒருவரும் இல்லாதபோது திசை தவறினார். ஆகவே அந்த அன்பரிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி, அந்தப் பள்ளியின் கட்டணம் எவ்வளவு என்பதன்று. அப்பெண்ணின் கோலப்புள்ளிக் கணக்கைக் கேட்க அங்கே ஒருவர் இருக்கிறாரா? காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை பிறர் வகுத்த வினாக்களுக்கு விடை எழுதும் குழந்தை, தானாக ஒரு வினாவை எப்போது எழுப்பும்?

நம் வீட்டிலே நடந்த பிழையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நம் மூத்த பையன் வாய்ப்பாட்டில் கெட்டிக்காரன் என்று மகிழ்ந்து, ஒரு வகுப்பைத் தாண்டி மேல் வகுப்பில் சேர்க்கும்படி நாமே ஒரு பள்ளியில் வற்புறுத்தினோம். கணக்கில் அவன் தாழவில்லை. ஆனால் தன்னைவிட உயரமான பையன்களோடு விளையாட முடியாமல் வீட்டிலும் பேச்சைக் குறைத்துவிட்டான். மறுபடியும் அவன் சிரிப்பைக் கேட்க ஒன்றரை வருஷமாயிற்று. வீண் பெருமை நம்முடையது, தண்டனை அவனுக்கு.

ஒவ்வொரு குழந்தையும் தன் நடையில் முன்னேறும்படி செய்யலாம் என்பதற்குச் சான்று தூரத்தில் இல்லை. முன்னைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்கு அருகில், ஜே.கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலிப் பள்ளியைச் சார்ந்த கிராமப் பள்ளிகளில், ஏணிப்படி போல் அட்டைகளை அமைத்து, ஒரே அறையில் ஒருவன் பத்தாம் படியிலும் மற்றொருவன் முப்பதாம் படியிலும் இருக்கும்படி வகுத்தார்கள். அதைப் பார்த்துத்தான் சென்னை மாநகராட்சி 2003இல் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியது. பின்னர் அது தமிழ்நாடு முழுவதும் பரவியது. நம் குழந்தைகளின் பள்ளியாசிரியர்களிடம், முடித்துவிட்ட பிள்ளைக்கு அடுத்த படியைக் கொடுங்கள் என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

அந்த அன்பருக்கு இரண்டு வழிகளைக் குறித்துக் கொடுத்திருக்கிறோம். ஒன்று, மத்திய அரசின் நவோதயப் பள்ளி. தமிழ்நாடு இப்பள்ளிகளை ஏற்றுக்கொள்ளாதபடியால் ஊரிலுள்ள உறவினர் இதைப்பற்றிச் சொல்லமாட்டார்கள். ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது, வசிக்கும் மாவட்டத்திலேயே, ஒருமுறை மட்டும் தேர்வெழுதலாம். இடங்களில் முக்கால் பங்கு கிராமத்துப் பிள்ளைகளுக்கு. மூன்றிலொரு பங்கு பெண்களுக்கு. தங்கும் இடமும் உணவும் இலவசம். வேலைக்காக அடிக்கடி ஊர் மாறும் நம்மவர்கள், படிக்கும் மாவட்டத்திலேயே இருப்பிடச் சான்றும் இருக்கவேண்டும் என்பதை மறந்து கடைசி நாளில் அலைகிறார்கள். ஆனால் இதுவும் விடுதிதான். தாயாரின் கண்ணீருக்கு இது பதிலாகாது. மற்றொன்று, வீட்டிலிருந்தே அரசுப் பள்ளிக்குச் சென்று, எட்டாம் வகுப்பில் தேசியத் தகுதி உபகாரச் சம்பளத் தேர்வு எழுதுவது. 2017 முதல் ஆண்டுக்கு 12,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட அச்சம்பளம் பன்னிரண்டாம் வகுப்பு வரை கிடைக்கும். நம் மனம் இரண்டாவதிலேயே நிற்கிறது.

ஐ.ஐ.டி. என்றதும் மயங்குவோருக்கு ஒரு செய்தி. 2023 ஜூலை 14 அன்று நம் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3 புறப்பட்டதே, அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்து ரயில்வே தொழிலாளியின் மகன். ரயில்வே பள்ளியில் படித்தவர். பத்தாம் வகுப்பிற்குப்பின் பாலிடெக்னிக்கில் பட்டயப் படிப்பு, அதன் பிறகே பொறியியல். சென்னை ஐ.ஐ.டி.க்கு அவர் போனது ஆராய்ச்சிப் பட்டத்திற்காக. நம் இலாகாப் பிள்ளை என்ற பெருமையில் சற்று நீட்டிவிட்டோம்.

இடையில் வீட்டில் என்ன செய்வது? ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்கள் பார்ப்பதற்கென்று 2019இல் மாடம் திறந்தார்கள். பெயரைப் பதிவு செய்துகொண்டால் ராக்கெட் ஏறுவதைக் குடும்பத்தோடு காணலாம். தொரவாரிசத்திரத்தருகே நேலபட்டு ஏரியில் ஐப்பசி முதல் கூழைக்கடாக்கள் கூடு கட்டும். பழவேற்காட்டு ஏரியில் பூநாரைகள் இறங்கும். எண்ணுவதற்கும் கேள்வி கேட்பதற்கும் இவற்றைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது? மேலும், அப்பெண்ணுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. பாட்டியின் கடிதத்தைத் தகப்பனார்தான் படித்துக் காட்டுகிறார். ஞாயிறு மாலை நம் வீட்டார் அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதாகவும், பதிலுக்கு அவள் நம் பையனுக்குக் கோலக்கணக்குச் சொல்லிக் கொடுப்பதாகவும் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது.

நேற்று அவளிடம் காலாவதியான ரயில் கால அட்டவணையொன்றைக் கொடுத்தோம். இன்று காலை வந்து, “மாமா, நாயுடுபேட்டையிலிருந்து கூடூருக்கு ஒரு வண்டி சீக்கிரம் போகுது, இன்னொண்ணு அதே தூரத்துக்கு ரொம்ப நேரம் எடுக்குது. நடுவிலே எங்கே நிக்குது?” என்று கேட்டாள். எந்தெந்த நிலையத்தில் எதற்காக நிற்கும் என்று நாம் அறிந்தவரை சொன்னோம். அறியாததை நிலைய அதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாக வாக்களித்திருக்கிறோம். தகப்பனார் சங்கிலியை இன்னும் அடகு வைக்கவில்லை. கணிதத்தில் உயர்படிப்புப் படித்த தமிழன்பர் எவரேனும் கூடூரிலோ திருப்பதியிலோ இருந்து, மாதம் ஒரு ஞாயிறு இவ்வூர்ப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்கார இயலுமாயின் சங்கத்துக்கு ஒரு வரி எழுதவும். வண்டிச் சத்தம் நம்முடையது.