தொண்டும் அனுபவம்தான்

நெடுநாள் வருத்தத்தில் கிடந்து எழும்பிய பிள்ளை வேலைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தால், வீட்டிலும் அயலிலுமிருந்து இரண்டு புத்திமதிகள் வரும். வருத்தத்தைப் பற்றி மூச்சு விடாதே. சம்பளமில்லாமல் செய்ததை எல்லாம் எழுதி மரியாதையைக் கெடுக்காதே. அக்கறையோடு சொல்லப்படுவதால் இவற்றை யாரும் மறுத்துக் கேட்பதில்லை. இரண்டும் பிழை. இரண்டாவது அநியாயமும்கூட.

கீரிமலையில் இருந்துகொண்டு இதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. கடலுக்குப் பக்கத்தில் நன்னீர் ஊறும் எங்கள் கேணியின் பெருமையே நோய் தீர்ந்தவர்களின் கதைதான். கீரிமுகம் நீங்கிய நகுல முனிவரையும், குன்மநோயும் குதிரைமுகமும் நீங்கிய மாருதப்புரவீகவல்லியையும் கொண்டாடுகிறோம். குணமான பின் அவள் மாவிட்டபுரத்தில் முருகனுக்குக் கோயில் எடுப்பித்தாள் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். அரசகுமாரியின் நோயைத் தலபுராணமாக வைத்திருக்கும் ஊரில், தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வந்த பெண் ஏன் தன் இரண்டு வருடத்தை ஒளிக்க வேண்டும்? அந்த வைத்தியசாலையே, 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி சேர்த்தவர்களின் உழைப்பால் எழுந்தது. அவர்களுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

அண்மையில் ஒருவரின் சுயவிபரக்கோவையைப் பார்த்தேன். கணக்குப் பிரிவில் பார்த்த வேலை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. பிறகு ஒன்றுமில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில், பொழுதுபோக்கு என்ற தலைப்பின் கீழ், புத்தகம் வாசித்தலுக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவே ‘சனசமூக நிலையத்தில் உதவி’ என்று மூன்று சொல். என்ன உதவி என்று விசாரித்தேன். சிகிச்சை முடிந்து உடம்பில் தெம்பு வந்ததும் வாசிகசாலைப் புத்தகங்களுக்கு இலக்கமிட்டுப் புது இடாப்பு எழுதியிருக்கிறார். சந்தாக் கணக்கைச் சரிபார்த்து, பொதுக்கூட்டத்துக்கு வரவு செலவு அறிக்கை தயாரித்திருக்கிறார். பின்னேரங்களில் சாதாரணதரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இவ்வளவும் பொழுதுபோக்கா? கூலி வாங்கிச் செய்திருந்தால் முதற்பக்கத்தில் இருந்திருக்குமே!

வடக்கின் தொண்டர் ஆசிரியர்களை அதற்குள் மறந்துவிட்டோமா? ஆளில்லாத வகுப்பறைகளை ஆண்டுக்கணக்காகத் தாங்கியவர்கள் அவர்கள். நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் இருந்து போராடினார்கள். பலருக்கு அது கிடைத்தது. அந்தத் தொண்டு அனுபவமாக எண்ணப்பட வேண்டும் என்று நாமும் சேர்ந்துதானே குரல் கொடுத்தோம்.

வருத்தம் என்று தெரிந்தால் முதலாளி பயப்படுவார் என்பார்கள். சிலர் பயப்படத்தான் செய்வார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காரணம் தெரியாத இடைவெளி அதைவிடப் பெரிய பயத்தைக் கிளப்பும். கடன்பட்டு ஓடினவரோ, வெளிநாடு போக வெளிக்கிட்டுத் திரும்பினவரோ என்று மனம் போன போக்கில் கற்பனை ஓடும். ‘உடல்நலக் காரணத்தால் ஓய்வில் இருந்தேன், இப்போது முழுநேர வேலைக்குத் தயார்’ என்ற ஒரு வரி போதும். நோயின் பெயரைச் சொல்லும் கடமை விண்ணப்பத்தில் இல்லை. பிரித்தானியாவின் 2010 சமத்துவச் சட்டம், வேலை தருவதாகச் சொல்லுமுன் உடல்நலம் பற்றி விசாரிப்பதைப் பெரும்பாலும் தடுக்கிறது. அங்கே சட்டமாக இருப்பதை இங்குள்ள முதலாளிமார் பண்பாகவாவது கைக்கொள்ளட்டும்.

அந்த வரிக்குக் கீழே, ‘அனுபவம்’ என்ற தலைப்பிலேயே தொண்டை எழுத வேண்டும். எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் வரை, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், என்னென்ன பொறுப்பு என்று ஒழுங்காக. தொண்டர் என்பதை மறைக்கவும் வேண்டாம், முகாமையாளர் என்று உயர்த்தவும் வேண்டாம். பொய்ப் பதவி ஒன்று பிடிபட்டால் உண்மையான உழைப்பும் அதோடு போய்விடும்.

நிலையத் தலைவர்மாருக்கும் கோயில் சபைச் செயலாளர்மாருக்கும் ஒரு வார்த்தை. ‘இவர் எமக்கு நன்கு தெரிந்தவர், நல்லொழுக்கம் உடையவர்’ என்று நீங்கள் தரும் கடிதத்தால் ஒருவருக்கும் வேலை கிடைக்காது. என்ன செய்தார், எவ்வளவு காலம் செய்தார் என்று எழுதி, ஒப்பத்தோடு உங்கள் தொலைபேசி இலக்கத்தையும் போடுங்கள். நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தால் எடுத்துப் பேசுங்கள்.