வழிப்போக்கரின் கூடாரம்

ஆகஸ்டுத் திங்களின் இறுதி நெருங்க நெருங்க, நமது சீயமங்கலத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்திலும் உள்ள கத்தோலிக்க இல்லங்கள் சுறுசுறுப்படைகின்றன. பரணிலிருந்து பெரிய அலுமினியக் குண்டான் இறங்குகிறது. தார்ப்பாய் வெயிலில் உலர்த்தப்படுகிறது. அரிசியும் பருப்பும் மூட்டையாகின்றன. 29ஆம் நாள் கொடியேற்றம், செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறந்தநாள் பெருவிழா. இவற்றைக் கருதிச் சிலர் வேன் அமர்த்திக்கொள்கின்றனர். சிலர் நேர்ச்சையின்படி காவியுடுத்தி, சப்பர வண்டியை இழுத்துக்கொண்டு நடந்தே செல்கின்றனர். திண்டிவனம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் எனக் கடலோரமாக நீளும் அப்பயணம் 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. வழியெல்லாம் சமைத்து, மரத்தடியிலும் தார்ப்பாய்க் கூடாரத்திலும் படுத்தெழுந்து வேளாங்கண்ணி சேர வேண்டும்.

இக்கடற்கரைப் பாதையிலே ஒரு பெரும் புனிதரின் காலடியும் பதிந்துள்ளது. 1541இல் லிஸ்பன் நகரினின்று கப்பலேறிய புனித சவேரியார், ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மொசாம்பிக் தீவிலே சாதகமான காற்றை எதிர்பார்த்து ஏறத்தாழ ஆறு மாதங்கள் தங்க நேர்ந்தது. அந்நாள்களை அவர் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வதிலே கழித்தார். பின்னர் மலிந்தி, சொகோத்ரா வழியாக 1542 மே 6ஆம் நாள் கோவாவை அடைந்தார். 1545ஆம் ஆண்டு குருத்து ஞாயிறன்று நாகப்பட்டினத்தில் அவர் ஏறிய கப்பல் எதிர்க்காற்றால் திரும்பிவிடவே, தரைவழியாக மயிலாப்பூர் சென்று, புனித தோமையாரின் கல்லறையருகே சில மாதங்கள் செபத்தில் தங்கினார். நாம் வடக்கிலிருந்து தெற்கே செல்கிறோம். அவர் தெற்கிலிருந்து வடக்கே சென்றார். இரு முறையும் காற்று அவரைத் தடுத்தது. எனினும் ஒரு முறையேனும் அவர் காலத்தை வீணாக்கவில்லை.

கூடாரத்தில் தங்குவதால் நாம் கற்பது என்ன? கூடாரத்திற்குத் தாழ்ப்பாள் இல்லை. அதில் தங்குபவன் பிறருடைய நல்லெண்ணத்தை நம்பியே கண் மூடுகிறான். நம் தந்தை ஆபிரகாம் கூடாரவாசி. இஸ்ராயேல் மக்கள் நாற்பது ஆண்டுகள் கூடாரங்களில் வாழ்ந்தனர். அதை மறவாதிருக்கவே கூடாரத் திருவிழா ஏற்பட்டது. வார்த்தை மனிதரானதைக் கூறும் புனித யோவான் பயன்படுத்திய கிரேக்கச் சொல்லுக்கும் கூடாரமடித்துத் தங்குதல் என்பதே நேர்ப்பொருள். கடவுளே நம்மிடையே வழிப்போக்கராய் வந்தார் என்றால், வழிப்போக்கரை அற்பமாக எண்ண நமக்கு உரிமையுண்டோ?

நம்மவர் நடந்து செல்கையில் மோரும் கஞ்சியும் தந்து, திண்ணையில் இடமும் ஒதுக்குவோருள் இந்துக்களும் இஸ்லாமியரும் உளர். அக்கடனை நாம் எங்கே தீர்ப்பது? கார்த்திகைத் தீபத்திற்குத் திருவண்ணாமலை நோக்கி நடப்போர் செஞ்சிச் சாலை வழியே, நமது வாசலருகேதான் செல்கின்றனர். அவர்களுக்கு ஒரு குடம் தண்ணீரும் சற்றே இளைப்பாற நிழலும் அளிப்பது நமது கடமையன்றோ?

இனி, மிகவும் கவலையளிக்கும் ஒன்றைக் கூறுவோம். சாலை பல இடங்களில் நான்கு வழியாக அகன்றுவிட்டது. வாகனங்களின் வேகமும் பெருகிவிட்டது. நடைபயணிகள் மீது வாகனம் மோதியது என்ற செய்தி கேட்டு எத்தனையோ குடும்பங்கள் கதறியுள்ளன. நேர்ச்சை உயிரைக் காப்பவருக்குச் செலுத்தும் நன்றி. அதற்காக உயிரை ஆபத்திற்குள்ளாக்குவது நன்றியாகாது. ஆகவே இருட்டிய பின் நடவாதீர்கள். பகலிலும் சாலையின் வலப்புறமாக, எதிரே வரும் வாகனங்களைக் கண்டவாறு ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள். காவித் துணி இருளில் தெரியாது. விடியுமுன் புறப்பட நேர்ந்தால் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டையும், முன்னும் பின்னும் விளக்கும் வேண்டும். சரக்கு வண்டியிலே ஆட்களை ஏற்றாதீர்கள். வேன் ஓட்டுநர் இரவில் உறங்கினாரா என்று கேட்டறிந்தே வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். சாலை ஓரத்து மண்ணில் படுக்கை விரிக்காதீர்கள். கடற்கரை மணலிலும் வேண்டாம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப் பேரலை வேளாங்கண்ணிக் கரையிலே எத்தனையோ பயணிகளின் உயிரைக் கொண்டு சென்றதை நாம் மறக்கலாகாது. அலையில் இறங்கும் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

பெண்களின் சிரமத்தையும் எண்ணிப் பாருங்கள். குளிக்கவும் ஒதுங்கவும் மறைவிடமின்றி அவர்கள் படும் வேதனை சொல்லில் அடங்காது. வழியிலுள்ள பங்குகளும் பள்ளிகளும் அந்நாள்களில் தங்கள் கழிவறைகளைத் திறந்துவைத்தால், அது அன்னைக்குச் சூட்டும் மாலையினும் மேலான காணிக்கை. புறப்படும் குழுக்களும் தங்குமிடங்களை முன்னரே கடிதம் எழுதியோ தொலைபேசியில் பேசியோ உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கூடாரத்தைக் கழற்றும்போது அடுப்புக்கல்லின் தணலை நீரூற்றி அவியுங்கள். இலையையும் பிளாஸ்டிக் தட்டையும் பொறுக்கியெடுங்கள். நாளை அதே மரத்தடிக்கு மற்றொரு குடும்பம் வரும். அன்னையின் பிள்ளைகள் இங்கே தங்கிச் சென்றனர் என்பதை அவர்கள் அந்த இடத்தின் தூய்மையால் அறியட்டும். இவ்வாண்டு புறப்படும் முன் குடும்ப செபமாலை முடிந்ததும் இவற்றையெல்லாம் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். சென்றவர் அனைவரும் நலமாக வீடு திரும்புவதே ஆரோக்கிய அன்னைக்கு உகந்த திருயாத்திரை.